கூட்டுச் சாவி

நான் சாக்கடை அடைப்பு எடுப்பவன். நாள் முழுக்க மருத்துவமனைக் குழாய்களில் கையை விட்டுவிட்டு வீடு திரும்புகிறவன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு "ச்சீ" என்று உட்காருவது என் மனைவி. அதுவும் என்னைப் பார்த்து இல்லை. அவள் அதே மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். சுழல் நாற்காலி, நகத்தில் ஒரு பொட்டு அழுக்குப் படாத உத்தியோகம். "உங்களைவிட நான்தான் நாறிப்போய் வந்திருக்கேன், முதல்ல நான் குளிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மருத்துவமனையில் அவளுக்குப் பட்டப்பேர் "ச்சீ மேடம்". ஆபீஸ் கோப்பையில் தேநீர் குடிக்க மாட்டாள், கூட்ட அறை மேசையைத் துடைக்காமல் முழங்கையை ஊன்ற மாட்டாள் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கோப்பைகளை நானும் பார்த்திருக்கிறேன், அடியில் பூஞ்சணம் பச்சையாகப் பூத்துக் கிடக்கும். ஆனால் நிஜமான அழுக்குக்கு அவள் பயந்தவள் இல்லை. நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டதே அவளுடைய அடித்தள அறைக்குள் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வந்த அன்றுதான். மற்றவர்கள் மேசைமேல் ஏறி நின்று கத்தினார்கள். இவள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கி நின்று எனக்கு டார்ச் பிடித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "அழுக்கு கழுவினா போயிடும்" என்றாள். பிறகு நான் பெண் கேட்டுப் போனபோது என் மாமியார், "இவ்வளவு படிச்சுட்டு ஒரு குழாய்க்காரனா?" என்று மூக்கால் அழுதார். "அவர் பார்த்த வேலை ஒழுகாதும்மா. எங்க ஆபீஸ்ல அப்படிச் சொல்ல ஒரு ஆள் கிடையாது" என்றாளாம் இவள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சாவி என்றால் எனக்குத் தெரிந்தது பூட்டுச் சாவி. மணி பிடிக்காமல் போன நெல்லையும் சாவி என்பார்கள். மூன்றாவதாக ஒரு சாவியை எனக்குச் சொல்லித்தந்தவள் இவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க பழைய டேட்டாபேஸ்ல குழந்தைக்குன்னு தனி நம்பர் கிடையாதுங்க. அம்மாவோட நம்பர், பிறந்த தேதி, எத்தனையாவதா பிறந்துச்சுங்கிற வரிசை. மூணும் சேர்ந்தாதான் ஒரு குழந்தை. அதுக்குப் பேரு கூட்டுச் சாவி."

"மூணுல ஒண்ணை விட்டுட்டா? கதவு திறக்காது, அவ்வளவுதானே?"

"திறக்கும். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். அதான் எனக்குக் குமட்டுது."

அந்தப் பழைய டேட்டாபேஸைப் பற்றியும் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. அதைக் கட்டியவன் ஓய்வு பெற்றுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாயில் நுழையாத பெயர்கள், எதற்கு என்றே தெரியாத கட்டங்கள். "பார்க்க அசிங்கம். ஆனா பொய் சொல்லாது" என்பாள். அவள் யாருக்காவது கொடுக்கிற உச்சபட்ச பாராட்டு அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் நிர்வாகி புது மென்பொருள் வாங்கினார். நிர்வாகி என்பவர் மருத்துவமனைக்கே தலைவர். வாசலில் செருப்பு சத்தம் கேட்டாலே எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர். வெளியிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய குழுத் தலைவனுக்கு என் மனைவி வைத்த பெயர் "ஆயிடும்". எதைக் கேட்டாலும் "ஆயிடும் மேடம்" என்பான். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருப்பான், விரலை நக்கிவிட்டு அதே விரலால் அவளுடைய திரையைத் தொட்டுக் காட்டுவான். அவன் போனபிறகு அவள் திரையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள்.

தகவல்கள் எல்லாம் பழைய டேட்டாபேஸிலேயே இருக்கும். புது மென்பொருளுக்கு அது புரியாது. அதனால் நடுவில் ஓ.ஆர்.எம். என்று ஒரு மொழிபெயர்ப்பாளனை உட்கார வைப்பார்களாம். பழைய அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, புது மென்பொருளுக்குப் புரிகிற உருவமாக அது மாற்றித் தரும். ஆனால் ஒரு வரியை இன்னொரு வரியிலிருந்து எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது என்று முதலிலேயே அதற்குச் சொல்லித்தர வேண்டும். ஆயிடும் சொல்லித்தந்தது அம்மா நம்பரையும் தேதியையும் மட்டும். வரிசையை விட்டுவிட்டான். அவன் சோதித்துப் பார்க்க வைத்திருந்த மாதிரிப் பட்டியலில் இரட்டைக் குழந்தையே இல்லை.

"ஒரே அம்மா, ஒரே தேதின்னு ரெண்டு வரி வந்தா, அது என்ன பண்ணும் தெரியுமா?" என்று அன்று வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்தாள். "இவனைத்தான் ஏற்கெனவே பார்த்தாச்சேன்னு முதல் குழந்தையையே ரெண்டு தடவை எடுத்துக் குடுக்கும். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாது. ரெண்டு வரி கேட்டோம், ரெண்டு வரி வந்துச்சு. எல்லாம் சுபம்!"

கூட்டத்தில் சொன்னாள். எழுதியும் கொடுத்தாள். திருத்துவது அரைநாள் வேலை. ஆனால் கம்பெனியின் மென்பொருளில் இவள் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். ஆயிடும், "அடுத்த கட்டத்துல ஆயிடும் மேடம்" என்றான். நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இரட்டைக் குழந்தை என்ன, நூத்துல ஒண்ணு இருக்குமா? அதுக்காகத் திறப்பு விழாவைத் தள்ளிப்போட முடியுமா?" என்றார்.

"அந்த ஒண்ணோட அம்மாகிட்ட இதை நீங்க சொல்லுவீங்களா சார்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். கூட்ட அறையில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ச்சீ மேடம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், செவிடனையாவது மன்னிக்கலாம். இதுகள் காது நன்றாகக் கேட்கிற ஜென்மங்கள். எனக்கு அதைக் கேட்டதும் அவர்கள் வீட்டுக் கழிவுக்குழாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வரலாமா என்று ஆத்திரம் வந்தது.

திறப்பு விழா நடந்தது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அன்றிலிருந்து என் மனைவி தினமும் காலையில் யாரும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். பழைய அட்டவணையை நேராகத் திறந்து, இரட்டைக் குழந்தைகளின் வரிகளை எடுத்து, புதுத் திரையில் வருவதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஆயிடும் அதைப் பார்த்துவிட்டு, "எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்?" என்றானாம். "இல்லை" என்றாளாம்.

அன்று நான் பிரசவ வார்டில் ஒரு கைகழுவும் தொட்டியின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்தது என்னவென்று சொல்ல மாட்டேன். என் தொழிலிலேயே அரிதான நாற்றம். கைபேசி அடித்தது. தோளால் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"பிரசவ வார்டுல."

"இன்னைக்கு வீட்டுக்குப் போற இரட்டைப் பிள்ளைக்காரங்களை நிறுத்துங்க. பெண் குழந்தைங்க ரெண்டு. வார்டு போனை யாரும் எடுக்கல. பழைய அட்டவணையில ரெண்டாவது குழந்தைக்குத் தைராய்டு ரொம்பக் கம்மின்னு இருக்கு. மருந்து உடனே ஆரம்பிக்கணும், விட்டா மூளை வளராது. புதுத் திரையில ரெண்டுமே நார்மல்னு இருக்கு. விட்டுடாதீங்க!"

நர்ஸ் அக்காவிடம் ஓடினேன். அவள் என் கையைப் பார்த்து இரண்டடி பின்னால் போனாள். "ரெண்டு குழந்தையும் நார்மல்னு திரையில பார்த்துட்டுத்தானே அனுப்பினேன். இப்பதான் கீழ போனாங்க" என்றாள். மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை.

வாசலில் வாடகைக் காரின் கதவு திறந்திருந்தது. கணவன் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பிள்ளை பெற்ற பெண் ஒரு குழந்தையை ஏந்தியிருந்தாள், இன்னொன்று அவளுடைய அக்காவின் கையில். நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"யாருய்யா நீ? நாத்தம் குடலைப் புடுங்குது, தள்ளி நில்லு!" என்றான் கணவன்.

"தம்பி, என்னை எவ்வளவு வேணா திட்டிக்கோ. ஆனா போகாதே. உன் குழந்தைக்கு உடம்பு சரியில்ல."

"டாக்டர் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. நீ என்ன பெரிய டாக்டரா?"

அவன் என் சட்டையைப் பிடித்தான். அழுக்குக் கையால் அவனைத் திருப்பித் தொடவும் எனக்கு மனம் வரவில்லை. நல்லவேளை, என் மனைவி மூச்சு இரைக்கப் படியேறி வந்துவிட்டாள், பின்னாலேயே நர்ஸ் அக்காவும். மனைவி அந்தப் பெண்ணிடம் நேராக விஷயத்தைச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சே இல்லை. "எங்க கம்ப்யூட்டர் உங்க முதல் குழந்தையோட ரிசல்ட்டை ரெண்டு தடவை காட்டியிருக்கு. ரெண்டாவது குழந்தையோடதைக் காட்டல. ரெண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்மா. முதல்ல ரெண்டாவது குழந்தைக்கு."

உள்ளே அழைத்து வந்து முன்னறையில் உட்கார வைத்தோம். நர்ஸ் அக்கா குழந்தைகளின் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் அம்மா பேர், தேதி, குழந்தை 1. மற்றதிலும் அம்மா பேர், தேதி, குழந்தை 1. பட்டைகளை அச்சடித்ததும் அதே புது மென்பொருள்தான்.

என் மனைவியின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சுளிப்பு. வாயைப் பொத்திக்கொண்டாள். நிஜமாகவே வாந்தி எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புற அட்டையில நான் கையாலதான் ஒண்ணு, ரெண்டுன்னு எழுதினேன்" என்றாள் நர்ஸ் அக்கா. "பட்டையில மட்டும் கையால எழுதக் கூடாதுன்னு உத்தரவு. கேட்டதுக்கு, ஆயிடும்னு சொன்னாரு அந்தத் தம்பி."

"எனக்குத் தெரியும்" என்றாள் அந்தத் தாய். தன் கையிலிருந்ததைக் காட்டினாள். "இவதான் ரெண்டாவது. இவ அழவே மாட்டா. பால் குடிக்கும்போதே தூங்கிடுவா. பார்க்க வந்தவங்க எல்லாரும் எவ்வளவு சமத்துன்னு சொன்னாங்க. நானும் பெருமையா இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து நிர்வாகி வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சிரித்த முகத்தோடு, தாழ்ந்த குரலில் என் மனைவியிடம், "இது வெறும் டிஸ்ப்ளே பிரச்சினை. நாலு பேருக்கு முன்னால பெரிசு பண்ணாதீங்க" என்றார். எனக்குத் தொட்டியில் வந்த நாற்றமே தேவலை என்று தோன்றியது. அதையாவது குழாயைக் கழற்றி வெளியே கொட்டிவிடலாம்.

வயிற்றில் தையல் போட்டிருந்த அந்தத் தாயால் அதிகநேரம் குழந்தையைத் தாங்க முடியவில்லை. எதிரே நல்ல உடுப்பில் நின்றவரைப் பெரிய டாக்டர் என்று நினைத்துவிட்டாள் போல. "நீங்களே பாருங்க டாக்டர்" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவருக்குத் தலையை எங்கே தாங்குவது என்றே தெரியவில்லை. நர்ஸ் அக்கா அவருடைய முழங்கையை மடக்கி விட்டாள். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் மறுபடி மூடிக்கொண்டது.

அவர் குனிந்து அதன் மணிக்கட்டைப் பார்த்தார். குழந்தை 1. பிறகு அக்காக்காரி மடியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்ததன் மணிக்கட்டைப் பார்த்தார். குழந்தை 1. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்து போனது.

"அப்போ ரெண்டாவது குழந்தை எங்க?" என்று கேட்டார்.

"உங்க கையிலதான் சார் இருக்கு" என்றாள் என் மனைவி.