குருவியின் இடது கால்

கம்பெனியில் அவளை எல்லோரும் எட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலை ஆறரை மணிக்குத் தரைத்தளத்துக்குக் கீழே இருந்த கண்ணாடி ஹாலில் இறங்கி நின்றால், சாயங்காலம் வரை ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணிக்கொண்டே இருப்பது அவள் வேலை. அக்காவுக்கு ஒன்பது தெரியாது என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். ஒலிப்பதிவு அறைக்காரர் இன்னும் ஒருபடி மேலே போய் "எட்டாக்கா" என்று நீட்டுவார். எட்டாத கனிக்கு ஒரு அக்கா. அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால் குத்தியது தெரிந்துவிடுமே.

பத்து வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்து, அங்கேயே தங்க வைத்து, ஆடவும் பாடவும் பழக்கி, நாலைந்து பேராகக் கோத்து, குழுவுக்கு ஒரு பெயர் வைத்து மேடையில் ஏற்றும் கம்பெனி அது. நூறு பேர் சேர்ந்தால் நாலு பேர் மேடை ஏறுவார்கள். மிச்சப் பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எட்டக்கா அந்த மிச்சத்தில் ஒருத்தி.

பதினோரு வயதில் வந்து சேர்ந்தவள். ஆறு வருடம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஆடினாள். முதல் மேடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது உடை அளவெடுக்க வந்த தையல்காரர்தான் கண்டுபிடித்தார்: ஒரே வருடத்தில் நாலு விரற்கடை வளர்ந்திருந்தாள். "வரிசை உடையுது" என்றார்கள். அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் படுத்த பெண்ணை அவள் இடத்தில் நிறுத்தினார்கள். அடுத்த இரண்டு வருடம் அந்த நாலு முகங்களும் ஊரில் ஓடிய பஸ்களின் முதுகில் ஒட்டியிருந்தன. அவள் பின்னால் வந்த பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே போனாள்.

எல்லா அடவுகளும் மனப்பாடம் என்பதால் கம்பெனி அவளைச் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டது. அப்படியே பதினாலு வருடம் ஓடிவிட்டது. கம்பெனி லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக்கையே கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளைகளிடம் பிரியமாகத்தான் இருந்தாள். அழுகிறவளுக்கு மூக்கைத் துடைத்துவிடுவாள், வீட்டு ஏக்கத்தில் சாப்பிடாதவளைத் தாஜா செய்து சாப்பிட வைப்பாள். அந்தப் பதினாலு வருடத்தில் அவளைவிட நன்றாக ஆடும் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. அதனால் எல்லோரும் அவளைத் தங்கமான மனசு என்றார்கள். அவளும் அதை நம்பினாள்.

பிறகு குருவி வந்தாள்.

பத்து வயது. சரக்கு வேன் ஓட்டுகிறவரின் மகள். கையும் காலும் குச்சி குச்சியாக இருந்ததால் வந்த அன்றே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது மாதம் எட்டக்கா பிள்ளைகளுக்கு ஒரு தாவலை ஆடிக் காட்டினாள். எகிறி, காற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, இடது காலில் சத்தமே இல்லாமல் இறங்க வேண்டும். அவளுக்கே அது படிய நாலு மாதம் பிடித்தது. குருவி இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை தானே எழுந்து செய்துவிட்டாள். பூனை இறங்கியது போல இருந்தது. இறங்கியவள் கடைசியில் கழுத்தை லேசாக ஒரு பக்கம் சாய்த்தாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தச் சாய்வுதான் எட்டக்காவை அறுத்தது. ஆறு வருடம் கண்ணாடி முன்னால் நின்றும் அவளுக்கு அப்படி ஒன்று தோன்றியதில்லை.

"வந்துடுச்சாக்கா?" என்றாள் குருவி, மூச்சு வாங்க.

"இல்ல. திரும்பப் பண்ணு."

அன்றைக்கு நாற்பது தடவை குதிக்க வைத்தாள். ஒவ்வொரு தடவையும் "வந்துடுச்சாக்கா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. ஒவ்வொரு தடவையும் "இன்னும் வரல" என்றாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஹாலின் மூன்றாவது வரிசையில் ஒரு தூண் உண்டு. மேனேஜர் மேடம் பார்வையிட வரும் நாட்களில் குருவியின் இடம் அந்தத் தூணுக்குப் பின்னால். காலையில் பிள்ளைகள் வரிசையாக எடை மெஷினில் ஏறுவார்கள். இருநூறு கிராம் கூடினால் சாயங்கால ரொட்டி கிடையாது. எண்ணை வாசிப்பது எட்டக்கா. குருவியின் எண்ணை மட்டும் கொஞ்சம் உரக்க வாசித்தாள். தான் செய்வது அவளுக்கே தெரியும். தெரிந்தும் மறுநாள் இன்னும் கொஞ்சம் உரக்க வந்தது குரல்.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஃபோனில் பயிற்சி வீடியோவை ஓட்டிப் பார்ப்பாள்.

"யாரு அந்தப் பொண்ணு? தினம் அதையே பாக்கற?" என்றார் கணவர்.

"தப்பு தேடறேங்க."

"கிடைச்சுதா?"

"இல்ல."

"நல்லதுதானே? அதுக்கு ஏன் முகத்தை உர்ருன்னு வச்சிருக்க?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தூண் எத்தனை நாளைக்கு மறைக்கும்? குருவிக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தபோது மேனேஜர் மேடம் ஒருநாள் தூணைச் சுற்றி நடந்து வந்து பார்த்தார். "இவளை ஏன் இங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் முன்பே அவளைக் கையைப் பிடித்து முன் வரிசைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். புது நால்வர் குழுவுக்கு அவள்தான் நடுநாயகம். ஏழு வாரத்தில் முதல் மேடை. பயிற்சி எட்டு மணி நேரத்திலிருந்து பதினொன்றாகக் கூடியது.

இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. நால்வரும் அந்தத் தாவலைச் செய்தார்கள். குருவி இறங்கும்போது 'தொப்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. இரண்டு வருடமாக அந்தக் காலிலேயே கண்ணாக இருந்தவளுக்குக் கேட்டது. அடுத்த தடவை குருவி பாதத்தின் வெளி விளிம்பில் இறங்கினாள்.

உடை மாற்றும் அறையில் அவளைத் தனியாக உட்கார வைத்து, இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குருவியின் கண்கள் நிரம்பின.

"எத்தனை நாளா?"

"பத்து நாளாக்கா."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அக்கா, சொல்லிடாதீங்கக்கா. சொன்னா என்னை எடுத்துடுவாங்க. அப்பா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

அந்தக் கணம் எட்டக்காவுக்கு வந்தது சந்தோஷம். இதைச் சொல்ல அவளுக்குப் பின்னால் வெகு நாள் ஆயிற்று. ஆனால் வந்தது அதுதான். வயிற்றில் இரண்டு வருடமாக எரிந்துகொண்டிருந்ததில் யாரோ ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. 'இவளும் மேடை ஏறப்போவதில்லை. இவளுக்கும் இல்லை.' அடுத்த கணமே பயந்துபோனாள். அழுகிற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்படுகிற தான் எப்படிப்பட்ட பொம்பளை என்று நினைத்தபோது பிடியை விட்டாள்.

அதனால் சொல்லவில்லை. சொன்னால் பொறாமையில் சொன்னதாக ஆகும். சொல்லாமல் இருந்தால் தான் நல்லவள் என்று கணக்குப் போட்டாள். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு எட்டு வரை எண்ணினாள். அந்த ஒன்பது நாளும் குருவி பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தாள். ஏழாம் நாள் எட்டக்காவுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. இந்தக் கால் உடையட்டும் என்று காத்திருக்கிறேனோ? சொன்னாலும் பொறாமை, சொல்லாவிட்டாலும் பொறாமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முகம்தான் கண்ணாடியில் தெரிந்தது.

பத்தாம் நாள் காலையில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரு கட்டடத்து செகரட்டரி எனக்குப் பாக்கவே பிடிக்காத ஆளு. அந்த லிஃப்ட்ல கயிறு இத்துப்போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"பூட்டுவீங்க."

"அவன் பத்து மாடி ஏறிச் சாகட்டும்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேதான் பூட்டுவேன். ஆனா பூட்டுவேன். நீ எதுக்காகச் சொல்றேங்கறது உன் பாடு. கால் அந்தப் பொண்ணோடது."

அன்றே மேனேஜர் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள். மேடம் கேட்டுவிட்டு, "நாலு வாரம்தானே பாக்கி? வலிக்கு ஸ்ப்ரே அடிச்சு ஓட்டிடலாம்" என்றார்.

"எலும்புல விரிசல் விட்டிருக்கும்னு நினைக்கறேன் மேடம்."

"உனக்கு எப்ப டாக்டர் பட்டம் குடுத்தாங்க?" மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பதினாறு வருஷத்துல எத்தனை பிள்ளைங்க கால் வலி, இடுப்பு வலின்னு அழுதாங்க? ஒரு தடவையாவது இந்தக் கதவைத் தட்டியிருக்கியா? இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் தட்டற? எதிர்வீட்டுக்காரி பிள்ளை பெத்தான்னு அடிவயித்துல குத்திக்கிட்டாளாம் ஒருத்தி. போம்மா, போய் எண்ணு."

மேடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பதினாறு வருடத்தில் ஸ்ப்ரே அடித்துவிட்டதே அவள் கைதான்.

பயிற்சியாளர்கள் பெற்றோருடன் நேரடியாகப் பேசக்கூடாது என்பது கம்பெனி விதி. மதிய இடைவேளையில் வெளிவாசலுக்குப் போய் வேன்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"டான்ஸுன்னா வலிக்கத்தானே செய்யும் டீச்சர்? அவ ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர்.

"சொல்ல மாட்டா. அவ வயசுல நானும் சொன்னதில்ல. ஞாயித்துக்கிழமை பாக்க வரீங்கல்ல, கைப்பிடியைப் பிடிக்காம படி இறங்கச் சொல்லுங்க. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கம்பெனி வாசலில் ஐந்து படிகள். முதல் இரண்டில் குருவி சிரித்துக்கொண்டே இறங்கினாள். மூன்றாவதில் கை தானாகக் கம்பியைப் பிடித்தது. வேன்காரர் மகளைக் குழந்தையைப் போலத் தூக்கி வேனின் முன் சீட்டில் வைத்து, "சார், அனுமதிச் சீட்டு இல்லாம கூட்டிட்டுப் போகக்கூடாது" என்று காவலாளி கூவக் கூவ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் ஆடியிருந்தால் முழுதாக முறிந்திருக்கும் என்றார் டாக்டர். மூன்று மாதம் அந்தக் கால் தரையில் படக்கூடாது.

திங்கட்கிழமை எட்டக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதன்கிழமை குருவியின் உடையை வேறொரு பெண்ணுக்குப் பிடித்துத் தைத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் எட்டக்கா குருவியின் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக் குருவி படுத்திருந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"உன்னைப் பாக்க."

"பாத்தாச்சா? சந்தோஷமா?"

"ஏய், டீச்சர்கிட்ட என்ன பேச்சு இது?" என்றார் வேன்காரர்.

"உனக்குத் தெரியாதுப்பா. அவங்களுக்கு என் மேல பொறாமை. என்னைத் தூணுக்குப் பின்னாடி நிக்க வைப்பாங்க. வெயிட் பாக்கறப்ப என் நம்பரை மட்டும் கத்திச் சொல்லுவாங்க. எங்க எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும் என்பது எட்டக்காவுக்கு அன்றுவரை தெரியாது. இரண்டு வருடமாக அத்தனை பிள்ளைகளும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போல எட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். வேன்காரர் அவளைப் பார்த்தார், இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்து.

"ஆமா," என்றாள். "பொறாமைதான். அன்னிக்கு நாப்பது தடவை குதிக்க வச்சேனே, அதுல முப்பத்தொன்பது பொறாமைக்கு. நீ முதல் தடவையே சரியாப் பண்ணிட்ட."

குருவி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பிறகு, "முதல் தடவையேவா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படும் குழந்தையின் குரல்.

"முதல் தடவையே."

"அப்ப அத்தனை நாளும் பொய் சொன்னீங்க."

"ஆமா."

"போயிடுங்கக்கா."

அவள் எழுந்தாள். வேன்காரர் மாடிப்படி முனை வரை கூட வந்தார். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

நால்வர் குழு சொன்ன தேதியில் மேடை ஏறியது, சுமாராக ஓடியது. எட்டக்கா ஒரு சமூகக் கூடத்தில் மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். ஆபீஸ் முடிந்து இடுப்பைக் குறைக்க வரும் பெண்கள். தாளத்தில் கால் வைப்பவள் ஒருத்திகூட இல்லை. வலது என்றால் இடது பக்கம் போய் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கு அவர்களை ரொம்பப் பிடித்திருந்தது. யாருக்காவது எங்காவது வலித்தால் அன்றைக்கு அவளை ஆடவிடாமல் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். கெஞ்சினாலும் விடமாட்டாள்.

நாலு வருடம் கழித்து இன்னொரு கம்பெனி குருவியைத் தனியாகவே மேடை ஏற்றியது. ஒரு ஞாயிறு பிற்பகல், திறந்தவெளி மைதானத்தில் நிகழ்ச்சி. எட்டக்கா கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வெயிலுக்குப் பயந்து வெளியே டீக்கடையிலேயே தங்கிவிட்டார். அவள் உள்ளே கடைசி வரிசையில் நின்றாள். பதினாறு வயதுக் குருவி வளர்ந்திருந்தாள். நாலு விரற்கடைக்கு மேலேயே வளர்ந்திருந்தாள். யாரும் அதற்காக அவளை ஓரம் தள்ளவில்லை. இரண்டாவது பாட்டில் கூட்டமே எழுந்து நின்றது. மூன்றாவது பாட்டு ஆரம்பித்தபோது எட்டக்கா வெளியே வந்துவிட்டாள்.

"எப்படி ஆடறா?" என்றார் கணவர்.

"ரொம்ப நல்லா ஆடறா."

"அப்புறம் ஏன் பாதியிலயே வந்துட்ட?"

"நல்லா ஆடறதாலதான்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய டீயில் மிச்சமிருந்ததை வாங்கி ஒரே வாயில் குடித்துவிட்டு, "வாங்க, பஸ் வந்துடும்" என்று முன்னால் நடந்தாள்.