மரநாய்க்கு வைக்காத சுருக்கு

பேய், முனி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், கோபப்பட மாட்டேன்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற ஓரத்தில், பன்றிக்கென்று மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைத்திருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் கெம்பஸில் படிக்கிற பிள்ளைகள் சிலர் நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கே வந்து, மரநாய்கள் அருகிக்கொண்டே போகின்றன, பழம் தின்று விதை போட்டுக் காட்டை வளர்ப்பதே அவைதான், சுருக்கு வைக்காதீர்கள் என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தார்கள். நான் என்ன மரநாய்க்கா வைக்கிறேன், பன்றிக்குத்தானே என்று திமிராக இருந்துவிட்டேன்.

அன்று காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு என் மனைவி செல்வி கொழுந்து பறிக்க மேல்மலைக்குப் போனாள், நான் புல்வெட்டப் போகிற வழியில் சுருக்கைப் பார்க்க இறங்கினேன். ஒரு பெண் மரநாய். இடது முன்னங்கால் மாட்டி, கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது, மடியில் பால் கட்டியிருந்தது. சத்தியமாகக் கழற்றிவிடத்தான் குனிந்தேன். அது என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. வந்த ஆத்திரத்தில் கிடந்த விறகுக்கட்டையை எடுத்து அடித்தேன், மண்டை நொறுங்கிய பிறகும் கை ஓயும் வரை அடித்தேன். பிறகு குழி தோண்டிப் புதைத்தேன்.

ஏறி வந்தால் மேல்மலையில் ஒரே கூச்சல். செல்வி தேயிலைக்குள் விழுந்து கிடந்தாள், இடது மணிக்கட்டைச் சுற்றி வளையமாக வெட்டு, ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நிரைப் பெண்கள் செடி செடியாகப் பிரித்துப் பார்த்தார்கள், கம்பி எங்கேயும் இல்லை.

"எவனோ வச்ச சுருக்குல கைய விட்டுருக்கா," என்றார் கங்காணி.

நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். ஆனால் அந்த மலையில் நான் சுருக்கு வைத்ததே இல்லை, வேறு யாரும் வைத்து நான் பார்த்ததும் இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, புருஷன் கட்டிப்போட்டு அடித்தானா என்று அவளைக் கேட்டாராம். இல்லை என்றிருக்கிறாள். நரம்பு அறுந்துவிட்டது, விரல்கள் இனி மடங்காது, கொழுந்து பறிக்க முடியாது என்றார்கள். எனக்கு அழுகையாக வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே போய் எல்லாச் சுருக்கையும் பிடுங்கி எறிந்தேன். மரநாயைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரும்போது, பஸ்ஸில் வெளியே பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அடிக்கிறப்ப எதுக்குக் கண்ண மூடிக்கிட்டீங்க?"

மூடிக்கொண்டுதான் அடித்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.