டெல்வின் குப்பை போடப் போகும் வழி

யார் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், யார் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இன்னும் ஊதுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெஸ்ட் ஹார்லோ ஊரில் அவரவர் குப்பையைக் கொண்டுவந்து போடும் கிடங்கின் வாசலில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்திருப்பவள் நான். ஆனால் டெல்வின் பார்ட்லோவைப் பற்றி எனக்குத் தெரியவந்தது அவன் போட்ட குப்பையை வைத்து அல்ல, அவன் வந்த வழியை வைத்துத்தான்.

டெல்வினின் வீடு கிடங்குக்குத் தெற்கே, தேவாலயத்தைத் தாண்டி இரண்டாவது திருப்பத்தில் இருக்கிறது. வண்டியைக் கிளப்பினால் ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் என் வாசலுக்கு வந்துவிடலாம். வருஷம் முழுக்க அப்படித்தான் வருவான். அக்டோபர் பிறந்துவிட்டால் மட்டும் அவனுடைய பச்சை பிக்கப் வண்டி வடக்கிலிருந்து, பீச் ஹில் மலைப்பாதையில் இறங்கி, புழுதி அப்பிக்கொண்டு வரும். பக்கத்தில் அவன் மனைவி க்ளென்னா, மடியில் காபி ஃபிளாஸ்க்கும் ஆப்பிள் சைடர் டோனட் பொட்டலமுமாக. பின்னால் ஒரே ஒரு பை.

"என்ன டெல்வின், வழி தவறிட்டியா?" என்று கேட்பேன்.

"மேல மதகு அடைச்சிருக்கான்னு பாத்துட்டு வந்தேன்" என்பான்.

ஊர்ச் சாலை வேலையிலிருந்து அவன் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிறது. மதகைப் பார்க்க வேறு ஆள் சம்பளம் வாங்குகிறான். க்ளென்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். ஒரு தடவை அந்தப் பையை வாங்கித் தூக்கினால் காற்றுப்போல இருந்தது. பிரித்துப் பார்த்தேன், பார்ப்பேன்தான். உள்ளே முட்டை வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று, அவ்வளவுதான். அதைப் போடுவதற்காக ஒரு மலையையே சுற்றி வந்திருந்தார்கள்.

இலை பார்க்கப் போனோம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்ல மாட்டான். எங்கள் ஊரில் யாருமே சொல்ல மாட்டார்கள். உதிர்வதற்கு முன் மேப்பிள் மர இலைகள் சிவக்கத் தொடங்கியதும், அதை வேடிக்கை பார்க்க நியூ ஜெர்சியிலிருந்தும் எங்கெங்கிருந்தோ எல்லாம் கார்கள் வரும். வளைவென்றும் பாராமல் நடுரோட்டில் நிறுத்துவார்கள். வேலியைத் தாண்டிப் போய் மாடுகளுக்கு நடுவில் நின்று படம் எடுப்பார்கள். அவர்களுக்கு இலைவேடிக்கைக் கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம், அவர்கள் காது கேட்கச் சொல்வதில்லை. எங்களுக்கு அந்த மாதத்தில் விறகு அடுக்க வேண்டும், புகைபோக்கி சுத்தம் செய்ய வேண்டும், பனிக்கு டயர் மாற்ற வேண்டும். உள்ளூர்க்காரன் இலை பார்க்கக் கிளம்பினான் என்றால், கல்யாண வீட்டுக்காரனே முதல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

இதில் டெல்வின் எல்லாரையும்விட மோசம். "இலையெல்லாம் எப்போங்க உச்சத்துக்கு வரும்?" என்று யாராவது காரை ஓரங்கட்டிக் கேட்டால், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் "நேத்து" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். பாவம், அவர்கள் அவனைப் பார்த்தபடியே நிற்பார்கள்.

எனக்கு அவனை ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். நல்லது எதைச் செய்தாலும் அதன் பெயரைச் சொல்லிச் செய்ய அவனுக்கு வராது. எனக்கு முட்டியில் ஆபரேஷன் ஆன குளிர்காலம் முழுவதும், ஊர்ச் சாலையில் பனி தள்ளி முடித்ததும் என் வீட்டு வாசலையும் தள்ளிவிட்டுப் போனான். கூப்பிட்டு நன்றி சொன்னால், "பனி வண்டி பிளேடு சரியா இறங்குதான்னு பாத்தேன்" என்றான். குளிர்காலம் முழுக்கவா ஒரு பிளேடைச் சோதிப்பார்கள்! க்ளென்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாளில் அவளிடம் கல்யாணம் பேசினானே, அதுவும் இந்த லட்சணம்தான். "வீட்டுக்குக் கூரை போட்டு முடிச்சாச்சு. ஒரு ஆளுக்கு அது பெருசு" என்றானாம். மிச்சத்தை அவளே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புரிந்துகொண்டாள், அது அவள் சாமர்த்தியம்.

போன செப்டம்பரில் ஊர்ச்சபை கூட்டம் போட்டது. வீட்டு வாசலில் தொட்டி வைத்துவிட்டால் ஒரு லாரி வந்து வாராவாரம் குப்பையை எடுத்துக்கொண்டு போய்விடும், கிடங்கில் இனிமேல் பழைய இரும்பும் டயரும் மட்டும்தான் வாங்குவது என்று ஒரு தீர்மானம். எனக்குச் சந்தோஷம்தான். அழுகிய தர்பூசணியை முகர்ந்து போதும் போதும் என்றாகிவிட்டது.

யாருக்கும் எதிர்ப்பில்லை, கை தூக்கிவிடலாம் என்று கூட்டத் தலைவர் சொன்னபோது டெல்வின் எழுந்தான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவன் இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் வாயைத் திறந்ததே இல்லை.

"கரடி வந்து தொட்டியை உருட்டும்" என்றான்.

"மூடி போட்ட தொட்டிதான் டெல்வின்" என்றார் தலைவர்.

"பனி தள்ளும்போது தொட்டி இடிபடும்."

"ஓரமா வெப்போம்."

"பனி உருகி ரோடு சேறா கெடக்குற நேரத்துல அந்த லாரி ஏறுனா ரோடு என்னத்துக்கு ஆகும்?" கொஞ்சம் தயங்கினான். காது இரண்டும் சிவந்துவிட்டது. "அவனவன் குப்பையை அவனவன்தான் கொண்டுபோய்ப் போடணும். அதுதான் மொறை."

யாரோ கைதட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். அவன் எதைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொருத்தி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னதும், எல்லாருக்கும் முன்னால், நெட்டுக்குத்தாகத் தூக்கினாள்.

தீர்மானம் நிறைவேறி வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "உனக்குப் புத்தி இருக்கா? இனிமே எதைச் சாக்கு வெச்சு உன்னைக் கூட்டிட்டுப் போவான் அவன்?"

"அதுக்குத்தான்டி தூக்குனேன்" என்றாள் க்ளென்னா. "கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மலையைக் குப்பை மூட்டையோடதான் பாத்திருக்கேன். ஒரு தடவையாவது அவனா வாயைத் திறந்து, வா, இலை பாத்துட்டு வரலாம்னு கூப்பிடணும். குப்பைக்குத் துணையா இல்ல. எனக்காக."

"நீயே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"கேட்டா உடனே கூட்டிட்டுப் போயிடுவான். அது எனக்குத் தெரியாதா? நீ அவன்கிட்ட எதையாவது உளறி வெச்சே, அப்புறம் உன்னோட பேசவே மாட்டேன்."

உளற மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். என்னை மாதிரி ஒரு பெண்பிள்ளையிடம் அப்படி ஒரு சத்தியம் வாங்குவது பாவம்.

அக்டோபர் வந்தது. இந்த வருஷம் போல நிறம் ஏறி நான் பார்த்ததில்லை. பீச் ஹில் முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சுமாக, நடுநடுவே பிர்ச் மரங்கள் மஞ்சளாக, கண் கூசியது. முதல் சனிக்கிழமை பச்சை பிக்கப் வந்தது, தெற்கிலிருந்து, நேர் வழியில். டெல்வின் மட்டும் இறங்கினான். பழைய கட்டில் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான்.

"எங்க க்ளென்னா?"

"இரும்பு போடப் போறேன், வர்றியான்னேன். முட்டி வலிக்குது, நீ போயிட்டு வான்னுட்டா." மலைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியில் ஏறி, வந்த வழியே போனான். தனியாக அவன் மேலே போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மதியத்திலிருந்து காற்றும் மழையும். அப்படி ஒரு மழை அடித்தால் திங்களன்று மலை மொட்டையாக நிற்கும், அதற்குப் பிறகு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். க்ளென்னாவும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணி வாக்கில் டெல்வின் வந்தான், மறுபடியும் தனியாக. வண்டியிலிருந்து ஒரு தள்ளுவண்டியை இறக்கினான். புது டயர், கைப்பிடியில் பெயின்டுகூட உரியவில்லை.

"இது நல்லாத்தானே இருக்கு!"

"பழசு."

"போன வசந்தத்துலதானே வாங்குன?"

"ஆடுது."

"க்ளென்னா வரலையா இன்னைக்கும்?"

"கூப்பிட்டேன். தள்ளுவண்டியைப் போட ரெண்டு பேர் எதுக்குங்குறா." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். ஊருக்கே பனி தள்ளின மனுஷன், அந்தத் தள்ளுவண்டி பக்கத்தில் ஒன்றும் புரியாமல் நின்றான். பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தியமாவது ஒன்றாவது என்று ஒரு நொடி தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தள்ளுவண்டியை நானே தூக்கி அவன் பிக்கப்பில் போட்டேன்.

"இங்க பழசை மட்டும்தான் வாங்குறது. எடுத்துட்டுப் போ."

"அப்ப அடுத்த வாரம் என்ன கொண்டு வரட்டும்?"

"ஒண்ணும் கொண்டு வராதே டெல்வின். புரியுதா? ஒண்ணுமே கொண்டு வராதே!"

அவன் என்னைப் பார்த்தான். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். தலை தூக்கி மலையைப் பார்த்தான். வண்டியில் ஏறிப் போய்விட்டான். நான் சத்தியத்தை மீறினேனா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. க்ளென்னா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மதியம் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வடக்கே ஹாரன் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், கிடங்குக்கு மேலே இருக்கிற வளைவில், நட்ட நடு ரோட்டில் பச்சை பிக்கப் நிற்கிறது. பின்னால் வரிசையாக மூன்று நான்கு வெளியூர்க் கார்கள். இஞ்சின் படுத்துவிட்டது போலிருக்கிறது என்று முட்டி வலியோடு மேட்டில் ஏறினேன்.

பிக்கப் கழுவித் துடைத்திருந்தது. பின்பக்கம் துடைத்து விட்டாற்போலக் காலி. க்ளென்னா தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டு, உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தாள். ஜன்னலுக்கு நேரே ஒரு மேப்பிள், அடியிலிருந்து நுனி வரை சிவப்பு.

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. இந்த மரத்தைக் கொஞ்சம் பாக்கணும்னேன். நிறுத்திட்டான்." ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுட்டான் வெர்னா. சமையலறையில வந்து நின்னு, வெளிய போலாமான்னான். என்னத்தைப் போடன்னேன். ஒண்ணும் போட இல்ல, உன்னோட இலை பாக்கணும்னான். அதைச் சொல்றதுக்குள்ள அவனுக்கு எப்படி வேர்த்துடுச்சு தெரியுமா!"

டெல்வின் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது சிவந்திருந்தது. பின்னால் மறுபடி ஹாரன். வழக்கமாக இப்படி நிறுத்துகிறவர்களை அவன் திட்டும் திட்டு எனக்கு மனப்பாடம். கதவைத் திறந்து இறங்கினான். நேரே பின்னால் நின்ற காரிடம் போனான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றான், ஊருக்கே கேட்கிற மாதிரி. "நானும் என் பொண்டாட்டியும் இலை பாக்க வந்திருக்கோம்."

ஹாரன் நின்றது. காருக்குள் இருந்த பெண்மணிக்கு ஒரே குஷி. கண்ணாடியை முழுக்க இறக்கித் தலையை நீட்டினாள். "நாங்களும் அதுக்குத்தாங்க வந்தோம்! இதெல்லாம் எப்போ உச்சத்துக்கு வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

டெல்வின் வாயைத் திறந்தான். என்ன வரப்போகிறது என்று எனக்கும் தெரியும், க்ளென்னாவுக்கும் தெரியும். அவன் திரும்பி, ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த அவளை ஒரு தரம் பார்த்தான்.

"இன்னைக்குத்தாங்க" என்றான்.