நாற்பத்து மூன்று பேர் சொன்னது

அலபாமாவில் எங்கள் ஊர் டயாலிசிஸ் மையத்தில் வெர்லீன் டிஸ்டேல் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தாள். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். இரத்தம் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எங்களைப் போன்ற கறுப்பர்கள். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்து எழுந்து போனவர்களோ பெரும்பாலும் வெள்ளையர்கள். ஏன் என்று வெர்லீன் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

2004இல் எங்கள் சிறிய கறுப்பர் கல்லூரியும் ஒரு பெரிய பல்கலைக்கழகமும் சேர்ந்து, கறுப்பின நர்ஸ்களுக்கு ஆராய்ச்சி கற்றுத்தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஐந்து பேரை எடுத்தார்கள். ஐம்பது வயது வெர்லீனும் அதில் ஒருத்தி. செவ்வாய்தோறும் தொண்ணூறு மைல் கார் ஓட்டிப் போவாள். பல்கலைக்கழகத்து வெள்ளையினப் பேராசிரியை ஹாலோரன் அவளுக்கு வழிகாட்டி.

தன் கேள்வியையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு, நோயாளிகளின் வீடு அறுபத்தொன்று ஏறி இறங்கினாள். வேறு யாராவது கேள்வித்தாளோடு வந்திருந்தால் நாயை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். அவளை உட்காரவைத்துப் பீச் பழப் பணியாரம் கொடுத்தார்கள். மர அறுவை ஆலையில் வேலை பார்த்த ஆமோஸ் கிரென்ஷா அவளிடம் சொன்னார்:

“மாத்துக் கிட்னியா? ஒம்பது வருஷமா ஊசி குத்துறீங்க. ஒரு டாக்டராவது அந்தப் பேச்சை எடுத்தாரா? கேட்டிருந்தா என் வீட்லயே நாலு பேரு குடுத்திருப்பாங்க.”

யாரும் சொல்லவில்லை என்றுதான் நாற்பத்து மூன்று பேர் சொன்னார்கள்.

மறுவருடம் கட்டுரை வந்தது. தலைப்பு: ‘சிறுநீரக மாற்றில் கறுப்பின நோயாளிகளின் தயக்கம்.’ ஹாலோரன் பெயர் முதலில், வெர்லீன் பெயர் நான்காவதாக. எங்கள் ஓய்வறையிலிருந்து வெர்லீன் ஹாலோரனுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“தயக்கம்னு நான் எங்க எழுதினேன்? யாரும் சொல்லலைன்னுதானே எழுதினேன்?”

“டாக்டர்கள் சொல்லலைங்கறதுக்கு ஆதாரம் இல்ல, வெர்லீன். நோயாளிங்க மறந்திருக்கலாம்.”

“நாப்பத்து மூணு பேருக்கும் ஒரே மறதியா?”

“இது உங்க முதல் கட்டுரை. சந்தோஷப்படுங்க.”

“என் பேரை எடுத்திருங்க.”

“அச்சாயிடுச்சே.”

எங்கள் கல்லூரி முதல்வரம்மாவிடம் போனாள். அவரும் எங்களைப் போலக் கறுப்பினத்தவர்தான். “மிஸ் வெர்லீன், உங்களுக்குப் பின்னாடி பத்துப் பொண்ணுங்க காத்திருக்காங்க. இப்பப் போய் சண்டை போட்டா திட்டத்தையே மூடிருவாங்க” என்றார். வெர்லீன் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கட்டுரையை வைத்து ஒரு சுவரொட்டி அடித்து எங்கள் மையத்துக்கு அனுப்பினார்கள். சிரிக்கும் கறுப்பர் குடும்பம், மேலே ‘மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பயப்படாதீர்கள்!’ என்று கொட்டை எழுத்து. ஆமோஸ் நாற்காலியில் சாய்ந்தபடி அதைப் படித்தார்.

“மிஸ் வெர்லீன், நான் எப்ப பயந்தேன்னு சொன்னேன்?”

“நீங்க சொல்லல, மிஸ்டர் ஆமோஸ்.”

“அப்புறம் யாரு சொன்னா?”

“நான் சொல்லல. ஆனா அப்படிச் சொன்ன கட்டுரையில என் பேரும் இருக்கு.”

அவர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். “இனிமே நீயே குத்து. அவ வேணாம்.”

அன்று மாலை வெர்லீன் எங்கள் நோயாளிகள் எல்லோர் பெயரையும் எழுதி டாக்டர் மேசையில் வைத்தாள். சிறுநீரக மாற்று மையத்துக்கான பரிந்துரைக் கடிதங்களில் அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அறையை விட்டு நகரவில்லை. இரண்டு பேர் காத்திருப்போர் பட்டியலில் ஏறினார்கள். ஆமோஸைப் பரிசோதித்தவர்கள், இதயம் தாங்காது, ஐந்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

அடுத்த வசந்தத்தில் அவர் இறந்துபோனார். அதுவரை ஊசி நான்தான் குத்தினேன். வெர்லீன் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தபடியே அவருடைய இரத்த அழுத்தத்தை எட்டிப் பார்த்து, இறங்கினால் எனக்குச் சைகை காட்டுவாள்.