முன்மொழிய ஆள் இல்லை

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பால்பாயின்ட் பேனாவைப் பார்த்துப் பயந்தேன். சாதாரண நீலப் பேனா. மூடிகூட இல்லை. அதை வாங்கி ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கை போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வார்டில் ஒரு மக்கள் குழு இருக்கிறது. கவுன்சிலரையும் சேர்த்துப் பத்துப் பேர். வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவள், நாலு எழுத்துத் தெரிந்தவள் என்று என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். எந்தெந்த வேலைக்கு நிதி கேட்பது என்று உட்கார்ந்து பேசி, வரிசைப்படுத்தி, மேலே அனுப்ப வேண்டும். பட்டியலில் ஏறாத வேலை அந்த வருஷம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும்!

சமுதாயக் கூடத்தில் கூட்டம். ஃபேன் போட்டால் பேச்சு கேட்காது. நிறுத்தினால் ஆள் இருக்க மாட்டார்கள். ஓவர்சியர் ஒரு நீள ஃபாரத்தை மேஜையில் விரித்து வைத்திருப்பார். ஒரு வேலைக்கு ஒரு வரி. என்ன வேலை, எந்த இடம், யாருக்கு உபயோகம்… கடைசியில் இரண்டு கட்டம் – முன்மொழிபவர், வழிமொழிபவர். முன்மொழிகிறவர் எழுந்து நின்று, இது ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பிறகு கை தூக்கல்.

அன்றைக்கு ஏழு வேலைகள். முதல் ஆறுக்கும் அடிதடி இல்லாத குறைதான். தெருவிளக்கு யார் வீட்டு வாசலில் விழ வேண்டும் என்று முக்கால் மணி நேரம். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, தன் கடைக்கு முன்னால் சாக்கடைக்கு மேல் சிலாப் போட்டால் ஊருக்கே நல்லது என்று நிரூபித்து முடித்தபோது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ஆனால் ஒரு விஷயம், ஆறு வேலைக்கும் முன்மொழிய ஆள் முந்திக்கொண்டு நின்றது.

ஏழாவது வேலை. ஊருக்குத் தெற்கே, ஓடைப் பக்கம் இருக்கும் சுடுகாட்டுக்குக் கூரை.

அங்கே தகர ஷெட் இருந்தது. ஒரு ஆனி மாதக் காற்றில் தகரமெல்லாம் பறந்துவிட்டது. அதற்கப்புறம் வானம்தான் கூரை. மழை நாளில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

“முன்மொழியது யாரு?” என்றார் கவுன்சிலர்.

எல்லோரும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்கள்.

“இது அவசியம்யா! இதைவிட அவசியம் எது இருக்கு?” என்றார் அண்ணாச்சி.

“அப்ப நீங்களே போடுங்க அண்ணாச்சி.”

“நானா? தை மாசம் மவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நல்ல காரியத்தை வச்சிக்கிட்டு, சுடுகாட்டுக்கு மொத ஆளாக் கையெழுத்துப் போடச் சொல்லுதீரு? நான் வழிமொழிதேன்வே. தாராளமா வழிமொழிதேன்.”

பக்கத்தில் ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவர். “நானும் வழிமொழியத் தயார். முன்மொழியதுன்னா… இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா?” என்றார்.

இப்படியே சுற்றி வந்தது. வழிமொழிய எட்டுப் பேர் ரெடி. முன்மொழிய ஒருத்தர் இல்லை! காரணம் இருக்கிறது. கடைசியாக அங்கே அடிபம்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் நாற்பது நாள் தாங்கவில்லையாம். அவருக்கு எண்பத்து நாலு வயது, இரண்டு காலிலும் சர்க்கரைப் புண் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அப்போதுதான் வாத்தியார் என்னைப் பார்த்தார். “ஏன், அம்மா போடட்டுமே! எழுத்தாளர்லா. மூடநம்பிக்கை எல்லாம் அவுகளுக்குக் கிடையாது.”

வசமாக மாட்டினேன். பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று இதே பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேனே… ஓவர்சியர் பேனாவை நீட்டினார்.

என் வீட்டு விஷயம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் கணவருக்கு இரண்டு மாதமாகப் படி ஏறினால் நெஞ்சில் ஒரு அழுத்தம். திருநெல்வேலியில் ஆஞ்சியோ பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பேனாவைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தேதி ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

“இடத்தை ஒரு மட்டம் பாத்துட்டு, அடுத்த கூட்டத்துல பேசுவோமே” என்றேன்.

எத்தனை பேருக்கு உயிர் வந்தது தெரியுமா? “கரெக்ட்!” “பாத்துட்டுத்தான் செய்யணும்!” வடையும் டீயும் வந்துவிட்டன. சுடுகாட்டைப் பார்க்க நான் போகப் போகிறேனாம்! இந்த வயது வரை அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

வாசலில் மாரியம்மாள் நின்றிருந்தாள். கூரை கேட்டு மனு எழுதிக் கொடுத்ததே அவள்தான். குழுவில் இல்லாதவர்கள் கேட்கலாம், முன்மொழிய முடியாது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாரியம்மாள் யார்? பன்னிரண்டு வருஷமாக எனக்கு ஜாக்கெட் தைப்பவள். புருஷன் பவர்லூமில் வேலை பார்த்தான். போன ஐப்பசி அடைமழையில் திடீரென்று போய்விட்டான். மற்ற விவரம் எனக்கும் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

நாலு நாள் கழித்து ஜாக்கெட் துணியோடு அவள் வீட்டுக்குப் போனேன். துணி ஒரு சாக்கு. மனசு கேட்கவில்லை. அவள் டேப்பை எடுத்தாள். அளவு எடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், எங்கேயும் ஓட முடியாது.

“கோவமா மாரி?”

“கோவம் எதுக்குக்கா…” டேப் என் தோளில் இருந்தது. “தீ ரெண்டு மட்டம் அணைஞ்சி போச்சாம். யாரும் எங்கிட்ட சொல்லலை. கொழுந்தன் ஒரு நா குடிச்சிட்டு வந்து அழுதான், அப்பத்தான் தெரியும். பழைய டயரைப் போட்டு எரிச்சிருக்காவ. எங்க வீட்டுக்காரரை… டயரைப் போட்டு.”

நான் கையை இறக்கிவிட்டேன்.

“நம்ம பாக்க முடியாத எடம்லா அது. பாத்த ஆம்பளைய வாயத் தொறக்க மாட்டேங்காவ. பெறகு யாருதான் கேப்பா?” அவள் குரல் உயரவே இல்லை. “அண்ணனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போணும்னு தெரியும். அதனாலதான் உங்களை நான் கேக்கலை. ஆனா எங்க மாமாவைப் பாருங்க.”

உள்ளறைக் கட்டிலில் அவள் மாமனார். ஆறு மாதமாகப் படுக்கைதான். காது நன்றாகக் கேட்கிறது.

“மவனை நனைய விட்டோம்னு அவுகளுக்கும் தெரிஞ்சி போச்சி. எனக்கும் அப்படித்தானா தாயின்னு தெனமும் கேக்காவ. ஐப்பசி வருது… நான் என்ன பதில் சொல்லட்டும்?”

வீட்டுக்கு வந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்க விட்டேன். டிவியைப் போட்டேன், அணைத்தேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். ஒரு கையெழுத்துக்கும் ஒருவர் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வாத்தியாரைக் கிண்டல் செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

மூன்றாம் நாள் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். “ஏட்டி, என்னதான் உனக்கு? காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.”

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “பாத்துட்டுச் செய்யதாச் சொன்னேல்லா? ஏறு வண்டியில” என்றார்.

பகல் பதினொரு மணி. கேட் சும்மா சாத்தியிருந்தது. அவர் தள்ளினார். நான் உள்ளே போனேன் – ஐம்பத்தாறு வயதில் முதல் தடவை. பேய் பிசாசு ஒன்றும் இல்லை. இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நாலு இரும்புத் தூண், மேலே ஒன்றுமில்லை. கருகின மேடைக்குப் பக்கத்தில் டயர் எரிந்து மிஞ்சின கம்பி வளையங்கள், மூன்றோ நாலோ, மண்ணில் கிடந்தன. எது யாருக்குப் போட்டது என்று யாருக்குத் தெரியும்? அழுதுவிட்டேன்.

“கையெழுத்துப் போட்டா ஆயுசு குறையும்னா, கல்யாண ரிஜிஸ்டர்ல போட்ட அன்னைக்கே எனக்குக் கொறைஞ்சிருக்கணும்” என்றார் அவர். எனக்காகத்தான் சொன்னார். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் முன் அவரும் ஒரு தரம் நெஞ்சைத் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன்.

இந்த வெள்ளிக்கிழமை இரண்டாவது கூட்டம். பட்டியலை மூடி அனுப்பக் கடைசி நாள். கவுன்சிலர் “ஏழாவது…” என்று இழுத்ததும் எழுந்து நின்றேன். அழகாகப் பேச வேண்டும் என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. தூணைச் சொன்னேன். கம்பி வளையங்களைச் சொன்னேன். யார் வீட்டுக்கு நடந்தது என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓவர்சியர் கடமை தவறாதவர். ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. “யாருக்கு உபயோகம்னு போடணும் மேடம். எந்தத் தெரு ஆளுகன்னு எழுத?”

“இங்க உக்காந்திருக்க அத்தனை பேருக்கும்னு எழுதுங்க” என்றேன்.

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ ஒருவர் ‘முருகா’ என்றார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கோணலாகத்தான் விழுந்தது. போடும்போது பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

அடுத்த நிமிஷம் நடந்ததைக் கேளுங்கள். எட்டுப் பேரும் எழுந்து வந்துவிட்டார்கள்! “நான் அன்னைக்கே சொன்னேன்லா!” என்று அண்ணாச்சி பேனாவைப் பிடுங்கினார். “ஒருத்தர்தான் வழிமொழியணும் சார்” என்று ஓவர்சியர் கெஞ்சினார். கை தூக்கலில் பட்டியலில் இரண்டாவது இடம். முதல் இடம் தெருவிளக்குக்கு. அதுகூட இல்லையென்றால் நம் வார்டு ஆகுமா?

யோசித்துப் பார்க்கிறேன். நம்மிடம் கெட்டவர்கள் ரொம்ப இல்லை. வழிமொழிகிறவர்கள்தான் ரொம்ப. ‘நீ மொதல்ல பேசு, நான் பின்னால வாரேன்’ என்பதுதானே எல்லா வீட்டிலும், எல்லா ஆபீசிலும் நடக்கிறது? வரதட்சணை வேண்டாம் என்று சொல்ல, குடித்துவிட்டு வருகிற மாப்பிள்ளையைக் கேட்க, தெருவில் குப்பை கொட்டுகிறவரைத் தட்டிக் கேட்க… முதல் வாய் திறக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. இதில் நானும் மூன்று வாரம் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

ஆஞ்சியோ வருகிற செவ்வாய்க்கிழமை. இதை எழுதும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எழுத்தாளருக்குப் பயம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஓவர்சியர் காதோடு சொன்னார். எஸ்டிமேட், கவுன்சில் தீர்மானம், டெண்டர் எல்லாம் தாண்டி வர ஒன்றரை வருஷமாவது ஆகும் மேடம் என்று. அந்த மனக் கனத்தோடுதான் மாரியம்மாள் வீட்டுக்குப் போனேன். இந்த ஐப்பசிக்கு வராது, அடுத்த ஐப்பசியும் சந்தேகம் என்று எப்படிச் சொல்வது?

அவள் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். மெஷினை விட்டு எழுந்து என் கையை ஒரு தரம் இறுக்கிப் பிடித்தாள். உள்ளே போய்க் கட்டிலில் குனிந்தாள். “மாமா, அக்கா கையெழுத்துப் போட்டுட்டாவ. கூரை வருது.”

கிழவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். “எப்பம்மா வரும்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஒன்றரை வருசம் ஆகும்ங்காவ ஐயா. ரெண்டுகூட ஆகலாம்.”

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு, ஆறு மாதத்தில் முதல் தடவையாகவாம், சிரித்தார். “அப்ப சரி. அது வாரது வரைக்கும் நான் போ மாட்டேன். மெதுவா வரட்டும்.”

ஆண்டவா, அந்த ஃபைல் மட்டும் ஆமை மாதிரி நகரட்டும்!