இறங்காத இடக்கை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடையில் சூடாக இரண்டு வடை தின்றுவிட்டு, தூறலில் ரயில் நிலையத்தை நோக்கி நடக்கிறேன். நாளைக் காலை சிகாகோவுக்குத் திரும்ப விமானம். பின்னால் யாரோ ஓடி வரும் பூட்ஸ் சத்தம்.

"எக்ஸ்கியூஸ் மீ, சார்!"

திரும்பினால் போலீஸ்காரர். என்னைக் கேட்காமலே இரண்டு கைகளும் மேலே போகின்றன. அவர் திகைத்து நிற்கிறார்.

"ஐயோ அண்ணை, கையை இறக்குங்கோ. வடைக்கடையில பாஸ்போர்ட்டை விட்டிட்டு வந்திட்டியள்."

தமிழ்! போன உயிர் திரும்பி வருகிறது.

"மன்னிச்சுக்குங்க. நான் சிகாகோவுல தபால்காரன். சேர்ந்த அன்னிக்கே, லெட்டரைத் தெருவாரியாப் பிரிக்கக் கத்துக்குடுக்கிறதுக்கு முன்னாடி, கூட வேலை பார்த்த கறுப்பர் இதைத்தான் கத்துக்குடுத்தார். 'தபால் யூனிஃபார்ம்ல இருந்தாலும், போலீஸ் கூப்பிட்டா முதல்ல கையைக் காட்டு. நம்ம நிறத்துக்கு அதுதான் நல்லது'ன்னார்."

"ஓம், விளங்குது," என்று அவர் சிரிக்கிறார். "இந்த உடுப்பைக் கழட்டினா என்ர காரையும்தான் எங்கட பொலிஸ்காரரே மறிக்கினம்."

நானும் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை வலக்கையால் வாங்கிப் பைக்குள் வைக்கிறேன். இடக்கை இன்னும் மேலேயே நிற்கிறது. அவர்தான் அதை மெல்லப் பிடித்து இறக்கிவிடுகிறார்.