ஜீன் வகுப்பில் வாய்க்கு ஒரு பூட்டு

ரத்தத்தில் இருக்கும் ஜீனை ஆய்வக மெஷின் படித்துவிடும். படித்ததை அடுத்தவர் வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்வதற்கு ஆள் தயார் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. புரொஜெக்டர் வேலை செய்யாத அறையில் தொண்டை கிழியப் பயிற்சி எடுத்த சக பாவிகளே, அந்தப் பாடு உங்களுக்குத் தெரியும். நான் எடுத்தது தக்கலையில், கிராம சுகாதார நர்ஸுகளுக்கு. பாடம், தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய். அப்பாவும் அம்மாவும் நோய் இல்லாமலே அந்த ஜீனைச் சுமப்பவர்களாக இருந்தால், பிள்ளைக்கு நோய் வரலாம். வந்தால் அடிக்கடி ரத்தம் ஏற்றித்தான் அந்தப் பிள்ளை வாழணும்.

பூட்டு

வகுப்பின் முதல் விதி: தகவல் சொல்லலாம், முடிவு சொல்லக்கூடாது. அய்யோ, இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு! ஒத்திகைக்கு ஒரு நர்ஸை மணப்பெண்ணாக உட்காரவைத்தால், எதிரே இருப்பவர் எடுத்த எடுப்பில் "கல்யாணத்தை நிறுத்து" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். ஊசி போடு, மாத்திரை தின்னு என்று ஊரையே அதட்டிப் பழகியவர்கள். அந்த அதட்டலில்தான் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தன, அதையும் சொல்லணும்.

அவர்களில் மூத்தவர் சுயம்புகனி, எங்களுக்குக் கனியக்கா. எழுந்து நின்று கேட்டார்: "சார், சொல்லுகதுக்குப் படிப்பிச்சுத் தாறிய. சொல்லாம இருக்கதுக்கு இந்த வாய்க்கு ஒரு பூட்டும் சேத்துத் தாங்க."

இனயத்துக் கணக்கு

கடற்கரை ஊரான இனயத்தில் ஒரு மீனவர் வீட்டுக்கு நானும் கனியக்காவும் போனோம். மூத்த பிள்ளைக்குத் தலசீமியா. மனைவி அடுத்த பிள்ளைக்கு ஆசைப்பட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து என்று நான் விளக்கியதும் மீனவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பம் மூத்தவனோட அந்தப் பங்கு தீந்துது. இனி மூணெண்ணம் தைரியமாப் பெறலாம், இல்லியா?"

எனக்குத் தலை சுற்றியது. கனியக்கா சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையை வளைக்க யார் முதலில் என்று சீட்டுக் குலுக்குவார்களே, அதைக் கேட்டார். எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்தில் போட்டுக் குலுக்கினால் அதே பேர் மறுபடி வராதா? மனுஷர் கணக்கைப் பிடித்துக்கொண்டார். "அப்பம் ஒவ்வொரு மட்டமும் புதுசாக் குலுக்குகதாக்கும். நாங்க ரெண்டு பேரும் முதல்ல ஆஸ்பத்திரிக்கு வாறோம்."

சொந்த ரத்தம்

பயிற்சியின்போது நர்ஸுகள் தங்களுக்கும் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள். கனியக்கா சுமப்பவர் என்று வந்தது. தனியே கூப்பிட்டுச் சொன்னேன், முகம் வெளுத்துவிட்டது. அவர் மகள் சுபாவுக்கும், மண்டைக்காட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் ராஜேஷுக்கும் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. கோயில் கொடைத் திருவிழா கழிந்ததும் முகூர்த்தம். முறை மாப்பிள்ளை, ஒரே குடும்பத்து ரத்தம். மூச்சுக் காட்டாமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

கனியக்கா நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், பிள்ளைகள் இருவரையும் சோதிக்கணும் என்று கேட்டார். அண்ணன் வெடித்துவிட்டார்: "ஏட்டி, ஊரு முழுக்கக் குத்திப் பாத்தது போதாதா? இப்பம் நம்ம குடும்பத்துலயும் குறை கண்டுபிடிக்க வந்துட்டியா?"

சீருடையில் வந்த அம்மா

ராஜேஷ் அப்பாவைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து கையை நீட்டினான். சுபாவும் நீட்டினாள். இருவருமே சுமப்பவர்கள். நான் சொல்லிவிடுகிறேன் என்றதற்குக் கனியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லா வீட்டுக்கும் போகிற நான் என் வீட்டுக்கு மட்டும் ஒளிவேனா என்று, சீருடையிலேயே வந்து பிள்ளைகள் இருவர் முன்னாலும் உட்கார்ந்தார்.

கல்யாணம் வேண்டாம் என்று விடலாம். செய்துகொண்டு, கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பிள்ளையின் ஜீனைச் சோதிக்கலாம். பிள்ளைக்கு நோய் என்று வந்தால், கருவை வைத்துக்கொள்வதா என்று இதைவிடக் கஷ்டமான முடிவு எடுக்கவேண்டி வரலாம். எல்லாவற்றையும் சொன்னார், ஒரு பக்கமும் சாயவில்லை. பெற்ற வயிறு அது, எப்படித்தான் தாங்கினாரோ! சோதனை செய்துகொள்ளலாம், எனக்கு சுபாதான் வேணும் என்றான் ராஜேஷ். எல்லோரும் சுபாவைப் பார்த்தோம். அவள் கனியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நர்ஸு சொல்லி முடிச்சாச்சு. இனி எனக்க அம்மை பேசட்டு."

கனியக்கா உடைந்து அழுதார். "பயமா இருக்கு சுபா மக்களே. ஆனா நீ எதை முடிவு செய்தாலும் அம்மை கூட உண்டு" என்றார். சுபா கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

வாய்க்குப் பூட்டுப் போடுவது எப்படி என்று நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதை எப்போது திறக்கணும் என்கிற வகுப்பு மட்டும் இன்னும் எனக்கு எடுக்கத் தெரியவில்லை.